பத்து எண்ணிப் போட்ட முடிச்சு

என் சொந்தக் கல்யாணத்துக்குப் பிறகு பதினோரு வருஷம் நான் ஒரு கல்யாணப் படத்திலும் இல்லை. கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்தேனா என்றால் அதுதான் இல்லை. மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு மண்டபத்தில் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து நின்றிருக்கிறேன். மற்ற பெண்கள் கையில் சந்தனக் கிண்ணம் இருக்கும், என் கையில் ஃப்ளாஷ் இருக்கும். என் வீட்டுக்காரர் படம் எடுப்பார், நான் பக்கவாட்டில் நின்று வெளிச்சம் பிடிப்பேன். வெளிச்சம் பிடிக்கிறவள் படத்தில் விழக் கூடாது. விழுந்தால் அந்தப் படம் வீண்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பிரிக்பீல்ட்ஸில் அரசாங்கக் குவாட்டர்ஸ் ஒன்றில் குடியிருந்தோம். வீட்டுக்காரர் வார நாள்களில் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி, ஞாயிற்றுக்கிழமையில் போட்டோகிராபர். நான் பெட்டாலிங் ஜெயாவில் ரேடியோ செய்கிற ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். பதினெட்டு வயதில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ரிப்பேர் பெஞ்ச் வரைக்கும் வந்துவிட்டேன். லைனில் முடிந்தும் பாடாத ரேடியோவெல்லாம் என் மேசைக்கு வரும். அதைத் திறந்து, எந்த இடத்தில் ஈயம் சரியாகப் பற்றவில்லை என்று கண்டுபிடிப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ரேடியோ எதிர்த்துப் பேசாது, அது ஒரு நிம்மதி.

அந்த ஃப்ளாஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கைப்பிடி வைத்த பெரிய சாமான், குழவிக்கல் கனம். கேமராவின் தலையில் இருக்கிற சின்ன ஃப்ளாஷ் மின்னினால் அதைப் பார்த்து இதுவும் மின்னுவதற்கு ஒரு கண் வைத்திருந்தோம். ஊரில் உள்ள அங்கிள்மாரெல்லாம் கல்யாணத்துக்கு ஆளுக்கொரு கேமராவோடு வருவார்கள், அவர்களுடைய ஃப்ளாஷுக்கெல்லாம் இது மின்னிவிடக் கூடாதே என்று ஃபிலிம் டப்பாவைக் குழாய்போல வெட்டி அந்தக் கண்ணுக்கு மாட்டியிருந்தேன். குதிரைக்குக் கண்பட்டை கட்டுவதுபோலத்தான். அது வீட்டுக்காரரை மட்டும் பார்க்கும்.

ஃப்ளாஷின் முதுகில் ஒரு டயல் உண்டு. ஃபுல், பாதி, கால் என்று மூன்று அளவு. மணவறை முழுவதும் இரண்டு குடும்பமும் நிற்கிற படத்துக்கு ஃபுல். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் என்றால் பாதி. தாலி கட்டுவதைக் கிட்டத்தில் எடுக்கும்போது கால் போதும். கால் வைத்தால் இன்னொரு வசதியும் இருக்கிறது. இரண்டு செகண்டில் மறுபடி சார்ஜ் ஏறிவிடும், படபடவென்று எடுக்கலாம். ஃபுல்லில் ஒரு தடவை மின்னிவிட்டால் பத்து செகண்ட் ஆகும். உள்ளே 'ஙீ' என்று ஒரு சத்தம் மெல்ல ஏறிக்கொண்டே போய், பின்னால் ஒரு ஆரஞ்சு லாம்ப் எரியும். லாம்ப் எரிந்தால்தான் அடுத்த படம். நான் லாம்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன், பத்து வரும்போது லாம்ப் எரியும். வருஷக்கணக்காக எண்ணி எண்ணி அது என் உடம்பிலேயே ஏறிவிட்டது.

இந்த டயலைத் திருப்புவதுதான் என் உத்தியோகம். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணி கேட்கக்கூட வாயைத் திறக்காத மனுஷன், மண்டபத்தில் கேமராவைக் கையில் எடுத்தால் வேறு ஆள். "ஏம்மா, ஃபுல்லு." "பாதி, பாதி." "கால்ல வைன்னு சொன்னேன்ல, தூங்கிட்டியா?" ஆயிரம் பேர் முன்னால். மேளத்தையும் மீறிக் கேட்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுவேன், அது வேறு கதை. ஆனாலும் அந்த நேரத்துக்கு எனக்கு முகம் எரியும்.

வேறு ஆளை வைத்துப் பார்க்காமலில்லை. அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் ஆசையாக வந்து பிடித்தார். படங்கள் கழுவி வந்தபோது மேலே சுற்றுகிற காற்றாடி பளிச்சென்று விழுந்திருந்தது, மாப்பிள்ளை இருட்டில் நின்றார். அதோடு அந்த யோசனை முடிந்தது. "நீ பிடிச்சாதான் எனக்குச் சரியா வரும்," என்றார் வீட்டுக்காரர். பாராட்டா, தண்டனையா என்று தெரியாமல் நானும் தலையாட்டிவிட்டேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது என் தம்பிக்குக் கல்யாணம் முடிவானது. போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலை அவனுக்கு, பெண்ணும் கிள்ளான்தான். கூடப்பிறந்தவள் நான் ஒருத்தி. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சு மட்டும் போடுவான். மற்ற இரண்டு முடிச்சையும் அவனுடைய அக்காவோ தங்கையோ, அதாவது பெண்ணுக்கு நாத்தனார், பின்னால் நின்று போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்பார்கள். அவன் பால் பல் விழாத வயதில் இருந்தே நான் அவனை மிரட்டுவேன். "என்கிட்ட ஒழுங்கா நடந்துக்க, இல்லன்னா ஒன் பொண்டாட்டிக்கு முடிச்சுப் போட மாட்டேன்." அந்த முடிச்சுக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

கல்யாணப் பேச்சு எடுத்த அன்றே வீட்டுக்காரர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"தாலி கட்டுற நேரத்துல லைட்டு யாரு பிடிக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? ஸ்டாண்டுல நிறுத்துங்க."

"நிறுத்தலாம். டயல யாரு திருப்புறது? நான் கேமராவ விட்டுட்டு ஓடணுமா?" பிறகு சொல்லக் கூடாததைச் சொன்னார். "ஒங்க பெரியப்பா மகளும் அவனுக்கு அக்கா முறைதானே. அவங்கள முடிச்சுப் போடச் சொன்னா என்னா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் பொத்துக்கொண்டு வந்ததோ. கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டுப் பேசினேன், இல்லாவிட்டால் அது பறந்திருக்கும். பதினோரு வருஷமாக ஊரில் உள்ள அத்தனை பேர் தாலிக்கும் வெளிச்சம் பிடித்தேனே, என் தம்பி தாலிக்கு நான் கிட்டே போகக் கூடாதா என்று கேட்டேன். வேறு போட்டோகிராபரைப் போடுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிப் போனது. "மச்சான் கல்யாணத்த நான் எடுக்காம எவனோ எடுக்கிறதா?" என்றார். அதுவும் நியாயம்தான், அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. சாப்பாடு மட்டும் மேசைக்கு வந்தது.

மூன்றாம் நாள் ஃபேக்டரி பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது, எங்கள் குவாட்டர்ஸ் வாசலில் பக்கத்து வீட்டு அங்கிள் பேரனுக்கு வாங்கிய ரிமோட் காரைத் தானே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு பெட்டி, அதில் ஏரியல். இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே கார் திரும்புகிறது. நான் பஸ்ஸை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். கார் திரும்பினால் டயல் திரும்பாதா? அங்கிள் வெட்கப்பட்டுக்கொண்டு, "பேட்டரி இருக்கான்னு பாத்தேன் லா," என்றார். நான் அவரை விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"இங்க பாருங்க," என்று இரண்டு நாள் மௌனத்தைக் கலைத்தேன். "நீங்க நின்ன எடத்துலேர்ந்து நீங்களே டயல திருப்பிக்கிறீங்க. நான் மணவறையில நிக்கிறேன். சரியா?"

"எப்படி?"

"அத என்கிட்ட விடுங்க."

அவர் விடவில்லை என்பது வேறு விஷயம். அந்த வாரக் கடைசியில் இரண்டு பேருமாகப் பாசார் ரோட்டுக்குப் போனோம். எலக்ட்ரானிக் சாமான் விற்கிற கடைகள் அங்கே வரிசையாக இருந்தன. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: பொம்மைக் காரின் உள்ளே இருக்கிற ரேடியோ தகடு, எத்தனை தடவை அழுத்தினோம் என்று எண்ணுகிற ஒரு சில்லு, கரண்ட் வந்தால் 'டிக்' என்று மாறுகிற ரிலே சுவிட்சுகள் சில. ஒரு தடவை அழுத்தினால் ஃபுல்லிலிருந்து பாதி, இன்னொரு தடவை அழுத்தினால் கால், மறுபடி அழுத்தினால் திரும்ப ஃபுல். எந்த அளவில் நிற்கிறது என்று தூரத்திலிருந்து தெரிய, முதுகுப் பக்கம் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று சின்ன விளக்கு. கடைக்காரச் சீனர் என் சீட்டைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆச்சி, நீதானா செய்யப் போறே?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றதும் நல்ல ரிலேயாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

பொம்மைக் கார் சிவப்பு நிறத்தில் அழகாக இருந்தது. வாங்கி வந்த அன்றே சாப்பாட்டு மேசையில் வைத்து அதைப் பிளந்தேன். வீட்டுக்காரர் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன் என்று கெஞ்சினார். ஐந்து நிமிஷம் கொடுத்தேன். சமையலறைக்கும் கூடத்துக்கும் மூன்று தடவை ஓட்டினார்.

ஃப்ளாஷைத் திறப்பது அப்படி விளையாட்டில்லை. அதன் வயிற்றில் ஒரு கப்பாசிட்டர் இருக்கிறது. கரண்டைச் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிற தடித்த உருளை. சுவிட்சை அணைத்து இரண்டு நாள் ஆனாலும் அது மறக்காது. ஃபேக்டரியில் எத்தனையோ திறந்தவள்தானே என்ற மெத்தனத்தில் விரலை வைத்தேன். முழங்கை வரைக்கும் இழுத்தது. நாற்காலியோடு பின்னால் போய் அலமாரியில் மோதிக்கொண்டேன். வீட்டுக்காரர் ஓடி வந்து, "வேணாம்மா, விட்டுடு, ஒங்க பெரியப்பா மகள..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு சாதாரண வீட்டு பல்பின் இரண்டு ஒயரையும் முதலில் கப்பாசிட்டரில் வைப்பேன். பல்ப் ஒரு நொடி எரிந்து மெல்ல அணையும். அணைந்தால் கை வைக்கலாம். அதைப் பார்க்க வீட்டுக்காரரும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காருவார்.

மூன்று வாரம் ஆனது. காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, சோறு ஆக்கிவிட்டு, மேசையில் உட்காருவேன். ரிலேக்களை வைக்க உள்ளே இடமில்லை. பழைய டயலைக் கழற்றினால்தான் முடியும்.

"டயல் இருக்கட்டும்மா," என்றார். "ஏதாச்சும் ஆனா கையால திருப்பிக்கலாம்."

"ஒரு மிஷினுக்கு ரெண்டு மொதலாளி ஆகாது," என்று கழற்றிவிட்டேன். எனக்கு அப்படியொரு திமிர். ஆனால் ஒன்று செய்தேன். ரேடியோ தகட்டுக்குத் தனியாக ஒரு பேட்டரிப் பெட்டி வைத்து, அதன் ஒயரை வெளியே விட்டேன். தகராறு வந்தால் அந்த ஒயரைப் பிடுங்கினால் போதும், ரிலேயெல்லாம் படுத்துவிடும், ஃப்ளாஷ் எப்போதும் ஃபுல்லில் நிற்கும். "கோளாறு ஆனா இத இழுத்துடுங்க, அவ்வளவுதான்," என்று இரண்டு விரலால் இழுத்துக் காட்டினேன். எப்போதும் கால் அளவில் நிற்கிற மாதிரி வைத்திருக்கலாம். யோசிக்கவில்லை.

சோதனை அமர்க்களமாக நடந்தது. ஃப்ளாஷைக் கூடத்தில் வைத்துவிட்டு, அவர் ரிமோட்டோடு வாசலுக்குப் போவார், பிறகு சாலைக்குப் போவார், அதற்கப்பாலும் போவார். "இப்ப?" என்று அங்கிருந்து கத்துவார். "பச்சை," என்று நான் கத்துவேன். "இப்ப?" "மஞ்சள்." ரயில் போகிற நேரத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் எதுவும் கேட்காது. பக்கத்து வீட்டு அங்கிள், வாங்கியது டிராஃபிக் லைட்டா என்று விசாரித்தார். ஐம்பது தடவை அழுத்தினோம், ஐம்பது தடவையும் சரியாக மாறியது. எனக்குக் கர்வம் தலைக்கு ஏறிவிட்டது, மறைப்பதற்கென்ன.

ஒரே ஒரு தடவை ஒன்று நடந்தது. அவர் சாலையில் நின்றபோது, நான் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டேன். ரிமோட்டை யாரும் தொடவில்லை, சிவப்பு தானாகப் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, சுற்றிச் சுற்றி வந்தது. மிக்ஸியை நிறுத்தினேன், நின்றது. மோட்டார் உள்ளே தீப்பொறி பறக்கும், அந்தப் பொறியும் ஒரு வகை ரேடியோதான். பொம்மைக் காரின் காதுக்கு எது பொத்தான், எது பொறி என்று பிரித்துக் கேட்கத் தெரியவில்லை. ரிப்பேர் பெஞ்சில் இருந்தவளுக்கு இது அப்போதே மண்டையில் உறைத்திருக்க வேண்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கல்யாணத்தில் மிக்ஸி எங்கிருந்து வரப்போகிறது என்று நினைத்தேன். சட்னியை அரைத்து முடித்து, தோசை சுட்டுக் கொடுத்தேன்.

கல்யாணம் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில். ஃப்ளாஷ் மணவறைக்கு எதிரே ஸ்டாண்டில் நின்றது. வீட்டுக்காரர் கழுத்தில் கேமரா, அதோடு சேர்த்து நாடாவில் கட்டிய பொம்மைக் கார் ரிமோட், அதில் நீட்டிக்கொண்டிருக்கிற ஏரியல். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, கார் எங்க?" என்றார். இன்னொருவர், "மாப்பிள்ளைய இதுலதான் நடக்க வைக்கிறீங்களா?" என்றார். ஐயர்கூட ஹோமத்துக்கு நெய் விடுவதை நிறுத்திவிட்டு ஒரு தடவை எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஆனால் காலையிலிருந்து ஒரு தடவைகூட வாயைத் திறந்து கத்தவில்லை. குடும்பப் படமா, ஃபுல். மாப்பிள்ளை மாலையோடு வருகிறாரா, பாதி. தானே அழுத்திக்கொண்டார், தானே எடுத்துக்கொண்டார். நான் கையை வீசிக்கொண்டு மண்டபம் முழுக்கச் சுற்றினேன். யார் யாரோ என்னிடம் வந்து பேசினார்கள். "ஒன்னய ஒரு கல்யாணத்துலயும் பாக்கவே முடியலயே," என்றாள் என் பெரியப்பா மகள். நான் எல்லாக் கல்யாணத்திலும்தான் இருந்தேன் என்று சொல்லிச் சிரித்தேன்.

முகூர்த்தம் நெருங்கியது. மணையில் பெண் உட்கார்ந்திருந்தாள், நான் அவள் பின்னால் போய் நின்றேன். அம்மா எனக்குப் பின்னால். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காக மண்டபத்துக்குள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கால் அளவுக்கு மாற்றிக்கொண்டு, ஒத்திகையாக எங்களை ஒரு படம் எடுத்தார்.

முகத்தில் அடித்த வெளிச்சத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது கால் இல்லை, ஃபுல். பதினோரு வருஷம் பிடித்தவளுக்கு இது தெரியாதா. கீழே பார்த்தால் வீட்டுக்காரர் ரிமோட்டை அழுத்துகிறார், ஃப்ளாஷைப் பார்க்கிறார், மறுபடி அழுத்துகிறார், ரிமோட்டைத் தட்டுகிறார். பிறகு ரிமோட்டிலிருந்து கையையே எடுத்துவிட்டு ஃப்ளாஷின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். விளக்குகள் தானாகச் சுற்றுகின்றன என்று அவர் முகமே சொன்னது. அப்போதுதான் மணவறைக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. சமையல்கட்டு. ஆயிரம் பேர் பந்திக்கு, இரண்டாவது பாயசத்துக்கு, தேங்காய் துருவுகிற மோட்டார். கர்ர்ர் என்று ஒரு மூடி, நிறுத்தம், கர்ர்ர் என்று அடுத்த மூடி.

தமிழர் கல்யாணத்தில் தேங்காய் இல்லாமல் இருக்குமா? இது எனக்குத் தோன்றவில்லையே என்று என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. தட்டு கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. சமையல்காரரிடம் ஆள் அனுப்ப நேரமில்லை. நான் இறங்கிப் போய்ச் சரிசெய்தால் முடிச்சு போச்சு. அம்மாவின் பக்கத்திலேயே பெரியப்பா மகள் தயாராக நிற்கிறாள். ஒரு நொடி என் கால் தானாகப் படியைத் தேடியது, பழக்கதோஷம். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். கூப்பிடவில்லை.

நான் இரண்டு விரலை உயர்த்தி இழுத்துக் காட்டினேன். புரிந்துகொண்டார். ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார், திரும்ப வந்து லென்ஸின் வாயைச் சுருக்கினார். இனி வெளிச்சம் ஃபுல், ஒரே அளவு, சுற்றாது. படம் வெளுக்காது. ஆனால் ஒரு தடவை மின்னினால் அடுத்த பத்து செகண்டுக்கு அது செத்த சாமான். தம்பி முதல் முடிச்சுப் போடுவதை அவர் எடுத்தே ஆக வேண்டும். அதற்கடுத்த மூச்சில் என் முடிச்சு. அது இருட்டில்தான் போகும். மற்ற கல்யாணங்களில் நான் பார்த்திருக்கிறேன், நாத்தனார் இரண்டு முடிச்சையும் மூன்று செகண்டில் போட்டுவிட்டுச் சேலையைச் சரிசெய்யப் போய்விடுவாள்.

ஐயர் கையைத் தூக்கினார். கெட்டிமேளம் இடித்தது. தம்பி குனிந்து முதல் முடிச்சைப் போட்டான். எல்லாரும் மஞ்சள் அரிசியை வீசினார்கள். பளீர் என்று ஃப்ளாஷ் மின்னியது. தம்பி கயிற்றின் இரண்டு நுனியையும் என் கையில் கொடுத்தான்.

ஒன்று.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு. பெண்ணின் கூந்தலை ஒதுக்கினேன், அது ஏற்கெனவே ஒதுங்கித்தான் இருந்தது. மூன்று. நுனிகளைக் குறுக்கே போட்டேன். நான்கு. திரும்ப எடுத்தேன். ஐயர் மேளத்துக்கு மேலே, "போடுங்கோம்மா, போடுங்கோ," என்றார். ஐந்து. அம்மா என் இடுப்பில் இடித்தாள். "என்னாடி பண்ற, முடிச்சு போடத் தெரியலயா?" பதில் சொன்னால் எண்ணிக்கை விட்டுப்போகும். ஆறு. பெண் பாவம், பயந்துபோய் லேசாகத் தலையைத் திருப்பி, "அண்ணி?" என்றாள். ஏழு. அவள் தோளை ஒரு விரலால் தட்டிக் கொடுத்தேன். தம்பி என்னை முறைத்தான். சின்ன வயதில் மிரட்டியதை நிஜமாகவே செய்கிறேன் என்று நினைத்துவிட்டானோ என்னவோ. எட்டு. நாதஸ்வரக்காரருக்கு மூச்சு முட்டியது. ஒன்பது. முடிச்சைப் பாதி இழுத்து, முகத்தை நிமிர்த்தினேன்.

பத்து. முடிச்சை இறுக்கினேன். பளீர் என்றது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஃப்ளாஷ் கூச்சம் என்று சொல்லிக்கொண்டேன், பிறகு எதற்கு அப்படிச் சொல்ல வேண்டும் என்று அழுதுவிட்டேன். மூன்றாவது முடிச்சை அழுதுகொண்டே சட்டென்று போட்டேன். அதற்குப் படம் இல்லை, போகட்டும். பந்தியில் தேங்காய்ப்பால் பாயசம் பிரமாதமாக இருந்தது. கோபத்தில் இரண்டு டம்ளர் குடித்தேன்.

படம் கழுவி வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் நான் ஃபேக்டரியில் எந்த ரேடியோவையும் சரியாகப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் கவரை மேசையில் வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றப் போனார். நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அது இருந்தது. பெண்ணின் குனிந்த தலை, மஞ்சள் கயிறு, அதற்குப் பின்னால் நான். கண் எங்கோ மேலே பார்க்கிறது, வாய் லேசாகத் திறந்து ஏதோ சொல்கிறது. என் வெளிச்சம் என் முகத்தில் சரியாக விழுந்த முதல் படம் அதுதான்.

அம்மா அந்தப் படத்தைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டாள். "பாத்தியா, எம்மவ சாமிய நெனச்சிக்கிட்டே முடிச்சுப் போட்டிருக்கா. நான் வேற இடுப்புல இடிச்சுட்டேன்." தம்பி பெண்டாட்டி அதற்கும் மேலே. "அண்ணி மந்திரம் சொல்லிப் போட்ட முடிச்சு," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சொந்தத்தில் இன்னும் இரண்டு கல்யாணத்துக்கு என்னை முடிச்சுப் போடக் கூப்பிட்டார்கள், நாத்தனார் முறையே இல்லாத இடத்தில்கூட. நான் மறுக்கவில்லை. என்ன மந்திரம் என்று கேட்டவர்களிடம், அதை வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் மட்டும் அன்று சாயந்திரம் காப்பி கொடுக்கும்போது கேட்டேன்.

"அந்த மேளத்துல, அந்தக் கூட்டத்துல, லாம்ப் எரிஞ்சது ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? சரியா அமுக்குனீங்களே."

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "லாம்ப நான் பாக்கல."

"அப்புறம்?"

"கேமராவுக்குள்ள ஒன் வாய்தான் தெரிஞ்சுது. ஏழு, எட்டுன்னு போச்சு. நீ பத்து சொன்ன, நான் அமுக்குனேன்."

பதினோரு வருஷம் அவர் கத்திச் சொல்லி நான் கேட்டேன். அன்றைக்கு நான் வாயை மட்டும் அசைத்தேன், அவர் கேட்டுக்கொண்டார். "காப்பி ஆறிடுச்சு, குடிங்க," என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரமே பழைய டயலைத் தேடி எடுத்து, ஃப்ளாஷின் விலாவில் வெளியே தெரிகிற மாதிரி மாட்டினேன். ரிமோட்டும் வேலை செய்யும், கையும் வேலை செய்யும், ஒயரைப் பிடுங்கினால் டயல் சொன்னபடி நிற்கும். மண்டபத்துக்குப் போனதும் முதல் வேலையாகச் சமையல்காரரிடம் போய், தேங்காய் எப்போது துருவுவீர்கள் என்று கேட்டுக்கொள்வோம். அந்தப் படத்தை வீட்டுக்காரர் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்துக் கூடத்தில் மாட்டினார். வருகிற சொந்தக்காரர்களில் ஒன்றிரண்டு பேர் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நான் தடுப்பதில்லை.